பின்னால வர்ற வண்டியில இடமிருக்கு

கிழக்கேகோட்டையிலிருந்து விழிஞ்ஞத்துக்குப் போகும் 'பொன்னம்பிளி' பஸ்ஸில் ஒரு தடவை ஏறியவர்கள்கூட அதன் கண்டக்டர் மகாராஜாவை மறந்திருக்க மாட்டார்கள். பேர் அப்படி. ராஜா ஆண்ட இந்தக் கேரளத்து ஊரில் அந்தப் பேரை வைத்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பது லேசான காரியமில்லை. "மகாராஜா பாக்கிச் சில்லறை தரணும்" என்பார் ஒருத்தர். "மகாராஜா கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, என் காலை மிதிக்கறேள்" என்பார்கள் ஸ்ரீவராகத்து மாமிகள். அவனும் சளைத்தவனில்லை. "அரண்மனை அந்தப் பக்கம், வண்டி இந்தப் பக்கம். ஏறு, ஏறு" என்று எல்லோரையும் உள்ளே தள்ளிவிடுவான்.

சொந்த ஊர் பணகுடிக்குப் பக்கம். அப்பா செங்கல் சூளையில், அம்மா பீடி சுற்றினாள். பிளஸ் டூ முடித்த கையோடு சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வேலைக்கு வந்தவன், அங்கிருந்து பஸ்ஸுக்குத் தாவினான். பஸ்ஸில் நின்றுகொண்டே தபால் வழியில் பி.காம் படித்தான். அவன் வீட்டில் அதுதான் முதல் டிகிரி. தெருவிலும் அதுதான் முதல். பட்டமளிப்பு நாளில் கறுப்பு அங்கி போட்டு எடுத்த போட்டோவை லாமினேட் செய்து, டிரைவர் சீட்டுக்கு மேலே பிள்ளையார், மாதா, மெக்கா படங்கள் இருக்கிற வரிசையில் நாலாவதாக ஒட்டியிருந்தான். டிரைவர் தாணுமாலையன் தினமும் காலையில் ஊதுபத்தி காட்டும்போது அந்தப் போட்டோவுக்கும் ஒரு சுற்றுச் சுற்றுவார்.

"மக்கா, நாலாவது சாமிக்குத்தான் சக்தி ஜாஸ்தி. டயர் பஞ்சராகாமப் பாத்துக்கிடுதாரு."

"சிரிங்க அண்ணாச்சி, நல்லா சிரிங்க. மாட்டினவனுக்குத்தான் அந்த அங்கியோட கனம் தெரியும்."

தாணுமாலையன் சுசீந்திரம் பக்கத்துக்காரர். ஊர்க் கதை பேசிக்கொண்டே ஓட்டினாலும் ஸ்டியரிங்கில் கை நடுங்காது. அவருக்கு மகாராஜாவிடம் இருந்த ஒரே மனக்குறை, அவன் டிரைவர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பதுதான். பக்கத்தில் வந்து நின்று "கியரை மாத்துங்க அண்ணாச்சி" என்பான். ஸ்டாண்டில் டைம் கீப்பருடைய கடிகாரத்தைத் தன் கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்துச் சண்டை பிடிப்பான். கதவைச் சாத்துவதும் அவன்தான், பெல் அடிப்பதும் அவன்தான், வழி கேட்கிற வெள்ளைக்காரனுக்குப் பதில் சொல்வதும் அவன்தான். யாராவது இதைச் சொல்லிக் காட்டினால் உடனே ஒரு வசனம் வரும்.

"எங்க வீட்டுல—"

"கேக்க ஆளில்லை" என்று டீக்கடையில் நிற்கிற அத்தனை பேரும் எடுத்துக் கொடுப்பார்கள். "அப்ளிகேஷன் போட ஆளில்லை. தனியாப் படிச்சேன், தனியாப் பாஸானேன்!"

அந்தக் கோஷ்டியில் சத்தமாகச் சொல்கிறவன் திரவியம்.

இந்த ஊர்ப் பிரைவேட் பஸ்ஸில் கதவோரம் நின்று ஆளை ஏற்றி இறக்குகிறவனைக் கிளி என்பார்கள். பொன்னம்பிளியின் கிளி திரவியம். வள்ளியூர்க்காரன். மணக்காட்டில் மகாராஜாவும் அவனும் ஒரே அறை, ஒரே அடுப்பு. கதவில் தொங்கிக்கொண்டு அவன் கூப்பிடுகிற கூப்பாட்டில் கிழக்கேகோட்டைக்கே போக இருந்தவன்கூட விழிஞ்ஞத்துக்கு ஏறிவிடுவான் என்று ஒரு பேச்சு. கிழவிகளைக் கை பிடித்து ஏற்றுவான். மீன்காரப் பெண்களின் பெரிய அலுமினியச் சருவங்களை ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் தூக்கி உள்ளே வைப்பான். மற்ற பஸ்காரர்கள் மீன் வாடைக்கு முகம் சுளிப்பார்கள், திரவியம் "இன்னைக்கு என்ன சேச்சி, சாளையா அயிலையா?" என்று விசாரிப்பான்.

போன ஐப்பசி மழையில் திருவல்லத்துப் பாலத்துக்குப் பக்கம் பைக் சறுக்கி, லாரி ஏறி, அவனுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் மகாராஜாவைப் பார்த்து அவன் முதலில் சொன்னது, "ஏலே, இனி செருப்பு வாங்கினா பாதி விலைக்குப் பேசலாம்லா." மகாராஜாவுக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

புண் ஆறியது. சும்மா நடக்கிற செயற்கைக் காலுக்கு ஒரு வழி இருந்தது. ஆனால் திரவியத்துக்கு வேண்டியது பஸ் படியில் ஏறி இறங்கத் தாங்குகிற கால். அதைச் செய்து தரும் இடத்தில் முன்பணம் கட்டினால்தான் அளவு எடுப்பார்கள். பஸ் முதலாளி கெட்டவரில்லை. "ஓணம் வரைக்கும் கதவைக் காலியா விடுறேன். அதுக்கு மேல வேற ஆள் போடாம முடியாது" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் கிளி வேலையையும் தானே பார்ப்பதாக மகாராஜா ஏற்றுக்கொண்டான். வேறு ஒருத்தன் அந்தக் கதவில் நிற்பதை அவனால் பார்க்க முடியாது.

"கால் மட்டும் வரட்டும்" என்பான் திரவியம். "அதாலே முதல் உதை உனக்குத்தான்."

"எதுக்குடே?"

"காரணம் அதுக்குள்ள நீயே ஏதாவது செய்வே."

பஸ்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளி ஒருத்தனுக்குக் கஷ்டம் வந்தால், அந்த ரூட்டில் ஓடுகிற வண்டிகள் ஒருநாள் அவனுக்காக ஓடும். காருண்ய யாத்திரை என்று பேர். அன்று டிக்கெட் கிடையாது. கண்டக்டர் வாளியோடு வருவார், ஏறுகிறவர்கள் மனம்போல் போடலாம். டீசல் முதலாளி கணக்கு, வேலை செய்கிறவர்களுக்கு அன்று பேட்டா இல்லை. வாளியில் விழுவதெல்லாம் அந்த ஒருத்தனுக்கு. பொன்னம்பிளி முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினார். அதே ரூட்டில் ஓடும் 'ஆரோமல்' பஸ்ஸின் முதலாளியும் அதே ஞாயிற்றைக் கொடுத்தார். ரெண்டு வண்டி, ஒரே ஒரு நாள். அன்று சேர்ந்தால் திரவியம் ஓணத்துக்குக் கதவில் நிற்பான், இல்லையென்றால் இல்லை.

ஆரோமல்தான் மகாராஜாவின் பரம எதிரி. அதன் கண்டக்டர் ஸ்மிதா பாறசாலைக்காரி. எல்லைப் பக்கத்து ஆளாகையால் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பாள், கோபம் வந்தால் நேர்மாறாக. முன்னால் போகிற வண்டிக்குத்தான் ஆள் கிடைக்கும் என்பதால் இந்த ரெண்டு பஸ்ஸும் தினமும் ஒன்றையொன்று முந்திக்கொண்டே பல வருஷமாக ஓடுகின்றன. சில நாள் கோவளம் ஜங்ஷனில் ரெண்டும் பக்கம் பக்கமாக வரும்போது, ஜன்னல் வழியாக இரண்டு கண்டக்டர்களும் பேசிக்கொள்வதைக் கேட்கப் பயணிகளே காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

யாத்திரைக்கு முன்தினம் டீக்கடையில் கூடினார்கள். ஸ்மிதா தெளிவாகத்தான் சொன்னாள்.

"அண்ணா, நாளைக்கு ஓட்டம் வேண்டாம், கேட்டோ. ரெண்டு வண்டியும் ஒண்ணா போகட்டும். எல்லாத்தையும் ஒரே வாளியில போடலாம்."

"ஒரே வாளியா?" மகாராஜா டீயைக் கீழே வைத்தான். "அப்பறம் யாரு எவ்வளவு சேத்தாங்கன்னு எப்படித் தெரியும்? பொன்னம்பிளி வாளி தனி, ஆரோமல் வாளி தனி. சாயங்காலம் பாப்போம், யாரு வாளி கனம்னு. போட்டி இருந்தாத்தான் வேலை நடக்கும். நான் பி.காம்ல படிச்சிருக்கேன்."

"போட்டியைப் பத்தியா படிச்சீங்க?"

"வாணிபத்தைப் பத்தி."

"காலு ஒண்ணுதானே வாங்கப் போறோம்? அதுக்கு எதுக்கு ரெண்டு வாளி?"

திரவியம் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு வடை தின்றுகொண்டிருந்தான். "விடு ஸ்மிதா. தனியாப் படிச்சவன், தனியாப் பாஸானவன்" என்றான்.

விடிந்தது. ரெண்டு பஸ்ஸுக்கும் முன்னால் பெரிய ஃபிளெக்ஸ், அதில் திரவியத்தின் போட்டோ. போட்டோ எடுத்தவன் கொஞ்சம் சோகமாக இருக்கச் சொல்லியிருந்தான், திரவியம் சொன்னபடி கேட்டுவிட்டான். போதாததற்கு அச்சடித்தவன் ரெண்டு பக்கமும் பூ வேறு போட்டுவிட்டான். கிழக்கேகோட்டையில் ஒரு பெரியவர் அதைப் பார்த்துத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"ஐயோ, நம்ம கிளிப் பையன் போயிட்டானா? நல்ல பையனாச்சே."

"போகலை பெரியவரே" என்றான் ஆரோமலின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த திரவியம். "கால் மட்டும்தான் முன்னாடி போயிருக்கு." பெரியவர் பதறிப்போய் வாளியில் போட்டது நல்ல தொகை.

திரவியத்தை ஆரோமலில் உட்காரவைத்தது ஸ்மிதா. அந்த வண்டிதான் முதலில் கிளம்பவேண்டியது. ஆளையே நேரில் பார்த்தால் யாருக்கும் கை நீளும் என்பது அவள் கணக்கு. மகாராஜாவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அவன் தன் புது வாளியின் மேல் பெரிய எழுத்தில் 'பொன்னம்பிளி' என்று பெயிண்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

ஆரோமல் கிளம்பியது. பின்னாலேயே பொன்னம்பிளி. அட்டக்குளங்கரை தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. மணக்காட்டில் ஆரோமல் நின்று ஆள் ஏற்றுவதைக் கண்டதும் தாணுமாலையனின் வலது கால் தானாக அழுத்தியது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இத்தனை வருஷப் பழக்கம். மகாராஜாவோ, கேட்கவே வேண்டாம்.

"வலதுல எடுங்க அண்ணாச்சி, வலதுல! இடம் இருக்கு!"

பொன்னம்பிளி சீறிக்கொண்டு முன்னால் போனது. தாண்டும்போது ஆரோமலின் ஜன்னலில் திரவியம் ரெண்டு கையையும் ஆட்டுவது தெரிந்தது. மகாராஜாவும் உற்சாகமாகப் பதிலுக்கு ஆட்டினான்.

கமலேஸ்வரத்தில் நின்ற கூட்டம் அவனுக்கு. அம்பலத்தறையில் நின்றதும் அவனுக்கு. சர்ச்சுக்குப் போகிறவர்கள், கோவளத்துக்குப் போகிற ஜோடிகள், துறைமுக வேலைக்குப் போகிற ஆட்கள் என்று வண்டி புளி அடைத்த மாதிரி ஆனது. விழிஞ்ஞத்தில் வண்டியைத் திருப்பி, ஆரோமல் வந்து சேர்வதற்குள் அங்கே காத்திருந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். துறைமுகத்து ஸ்டாப்பில் மீன்காரப் பெண்கள் சருவங்களோடு நின்று கை காட்டினார்கள். முன்னால் நின்றது ஜெபமலர், அந்தக் கூட்டத்துக்கே தலைவி. வண்டியில் ஊசி குத்த இடமில்லை. "அடுத்த வண்டி, அடுத்த வண்டி" என்று மகாராஜா கதவில் தொங்கியபடி கத்தினான். அடுத்த வண்டியான ஆரோமலோ, விட்ட ஆளைப் பிடிக்கிற ஆத்திரத்தில் அதன் டிரைவர் பிரதீஷ் ஓட்டிய ஓட்டத்தில், அந்த ஸ்டாப்பில் யாரும் நிற்கிறார்களா என்றே பார்க்காமல் பறந்தது.

கிழக்கேகோட்டையில் வண்டி நின்று கடைசி ஆளும் இறங்கியபிறகு மகாராஜா வாளியைப் பார்த்தான். 'பொன்னம்பிளி' என்று எழுதியிருந்த பெயிண்ட் பளபளத்தது. உள்ளே அடிப்பக்கம் தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி இது? ஆள் நிறைஞ்சா வாளி நிறையணுமே?"

தாணுமாலையன் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, நாலாவது சாமியையும் ஒருதடவை நிமிர்ந்து பார்த்தார்.

ஆரோமல் வந்து சேர்ந்தது, அநேகமாகக் காலியாக. ஸ்மிதா இறங்கிய வேகத்தில் மகாராஜா வாளியை மார்போடு பிடித்துக்கொண்டான். ஆனால் அவளுக்கு முன்னால் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு திரவியம் வந்தான்.

"ஏலே மகாராஜா. எனக்குக் கால் வாங்கப் போற வண்டி என்னையே ஓவர்டேக் பண்ணிட்டுப் போகுது. உலகத்துல எவனுக்காவது இது நடந்திருக்குமாலே?"

"நீ கையாட்டினியே? உற்சாகப்படுத்துறேன்னுல்லா நினைச்சேன்."

"நிறுத்துடா நாயேன்னு ஆட்டினேன்."

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். மகாராஜா சிரிக்கவில்லை. "இல்லைடே, வண்டி நிறைய ஆளு. எங்கே தப்பாச்சுன்னு தெரியலை."

"மேல கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டுத் தொங்குறவன் எந்தக் கையைப் பைக்குள்ள விடுவான்? நீ முன்னால வாளியைக் கொண்டு போகும்போது பின்னால இறங்கிட்டான். பின்னால ஓடும்போது முன்னால இறங்கிட்டான். டிக்கெட்னா பிடிச்சு வாங்கிருவே. இது அவனாப் போடணும்லா? அவன் நிக்கணும், என் மூஞ்சியைப் பாக்கணும், கதையைக் கேக்கணும்."

ஸ்மிதா போனை நீட்டினாள். "ஜெபமலர் சேச்சி கூப்பிட்டாங்க. அவங்க கூட்டத்துப் பெண்ணுங்க எல்லாரும் திரவியண்ணனுக்கு ஒரு தொகை சேர்த்து வச்சிருக்காங்களாம். தங்களோட கையாலதான் தருவோம்னு காலையில இருந்து நின்னாங்க. ரெண்டு வண்டியும் நிக்காமப் போச்சு. இப்ப ஆட்டோ பிடிச்சு மீன் விக்க டவுனுக்குள்ள போயிட்டாங்க. இனி இந்த ரெண்டு பஸ்லயும் ஏறமாட்டாங்களாம்." அவள் பிரதீஷைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பிரதீஷ் டயரை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

மகாராஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான் என்ன செய்ய? ஒத்தை ஆளா வாளியும் பாக்கணும், கதவும் பாக்கணும். எங்க வீட்டுல—"

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. திரவியம் மட்டும் பேசினான், சத்தமில்லாமல்.

"தனியாப் படிச்சே. தனியாப் பாஸானே. சரி. பரீட்சை எழுதப் போனியே, அந்த நாளெல்லாம் உன் டிக்கெட் பையை எவன் மாட்டிட்டிருந்தான்? கதவுல ஒரு கால், பைக்குள்ள ஒரு கை. தாணு அண்ணாச்சி ஒவ்வொரு ஸ்டாப்புலயும் எனக்காக ஒரு நிமிஷம் கூட நிப்பாட்டுவாரு. அந்தப் போட்டோவுல இருக்கிற அங்கிக்குள்ள நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்லே. வெளிய தெரியாது, அவ்வளவுதான்."

மகாராஜா திரும்பித் தன் போட்டோவைப் பார்த்தான். ஊதுபத்திப் புகை படிந்து கொஞ்சம் மங்கியிருந்தது. வாளியை ஸ்மிதாவிடம் நீட்டினான்.

"நான் என்ன செய்யணும்? நீ சொல்லு."

தாணுமாலையன் காதுக்குள் விரலை விட்டு ஆட்டிக்கொண்டார். இந்த வாக்கியத்தை இவன் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை.

ஸ்மிதா யோசிக்கவே இல்லை, நேற்றே எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். பொன்னம்பிளி முன்னால் போகும். திரவியம் அதன் முன் சீட்டில், வாளியை மடியில் வைத்துக்கொண்டு. சீட்டுக்கு மட்டும் ஆள், ஒருத்தர்கூட நிற்கக்கூடாது. மிச்சம் எல்லோரும் பின்னால் வரும் ஆரோமலில். அங்கே வாளி அவள் கையில். எந்த ஸ்டாப்பையும் விடக்கூடாது, எதையும் முந்தக்கூடாது.

"அப்ப நானு?"

"வெறும் கிளி."

"நானா?"

"பி.காம் கிளி" என்றார் தாணுமாலையன். "கேரளத்துலயே பட்டம் வாங்கின முதல் கிளி நீயாத்தான் மக்கா இருப்பே."

மகாராஜா தோல் பையைக் கழற்றி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மாட்டிவிட்டுக் கதவுக்கு வந்தான்.

முதல் சோதனை அட்டக்குளங்கரையில். சீட்டெல்லாம் நிறைந்துவிட்டது, கீழே இன்னும் ஒரு கூட்டம் முண்டிக்கொண்டு நின்றது. மகாராஜா வாயைத் திறந்தான், மூடினான். பிறகு, இந்த ஊரில் எந்தப் பிரைவேட் பஸ்ஸின் கதவிலிருந்தும் அதுவரை யாரும் கேட்டிராததைச் சொன்னான்.

"பின்னால வர்ற வண்டியில இடமிருக்கு. அதுல ஏறுங்க."

கூட்டம் அப்படியே நின்றது.

"என்ன, வண்டி ரிப்பேரா?"

"முன்னால செக்கிங் நடக்குதா?"

"ஸ்ட்ரைக்கா?"

ஸ்ரீவராகத்தில் ஏற வந்த சாவித்ரி மாமி, படியில் ஒரு காலை வைத்தபடி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏன்டா மகாராஜா, நோக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நன்னாத்தான் இருக்கேன் மாமி. பின்னால ஆரோமல் வருது. நல்ல வண்டி. ஸ்மிதா இருக்கா."

"ஆரோமலை நீயே நல்ல வண்டிங்கறயா?" மாமி கையிலிருந்த பர்ஸைத் திறந்து, எட்டித் திரவியத்தின் வாளியில் போட்டாள். "இதைக் கேட்டதுக்கு. மிச்சம் ஆரோமல்ல போடறேன்."

இத்தனை நாள் டிக்கெட்டுக்கு நடுவே ஒப்பேற்றி வந்த கிளி வேலை சும்மா இல்லை என்பது மகாராஜாவுக்குக் கமலேஸ்வரத்துக்குள் தெரிந்துவிட்டது. ஏறி இறங்கி, கூவி, கதவைச் சாத்தி, திறந்து, சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. முன் சீட்டிலிருந்து திரவியம் விடவில்லை. "கதவை மெதுவா சாத்துலே, சேலைத் தலைப்பு மாட்டும்... அந்த அம்மாவுக்குக் கை குடு, அங்கே என்ன வேடிக்கை... கூப்பாடு போதாது, வயித்துல இருந்து வரணும்." ஏறியவர்களெல்லாம் இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், சிரித்தவர்கள் காலைப் பார்த்தார்கள், பார்த்தவர்கள் கையை வாளிக்கு நீட்டினார்கள். யாருடைய கையும் கம்பியில் மாட்டிக்கொண்டிருக்கவில்லை.

கமலேஸ்வரம் முக்கில் குடை விரித்து, கடைசி மீனை விற்றுக்கொண்டிருந்தாள் ஜெபமலர். பக்கத்தில் அவளுடைய கூட்டாளிகள் நாலைந்து பேர் வீடு திரும்பத் தயாராக இருந்தார்கள். மகாராஜா ஓடிப்போய் முன்னால் நின்றான்.

"சேச்சி, வண்டி நிக்குது."

"நிக்குதா? அதிசயம்தான்." அவள் நிமிரவே இல்லை. "காலையில கையைக் காட்டினேன், நீ புகையைக் காட்டிட்டுப் போன. போடா."

"தப்புதான் சேச்சி. என் புத்திதான் அப்பிடிப் போச்சு. என்னைத் திட்டுங்க, அவனை விட்டுறாதீங்க. அதோ முன் சீட்டுல இருக்கான்."

ஜெபமலர் எழுந்து பார்த்தாள். திரவியம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சேச்சியே, சாளையா அயிலையா?" என்று கத்தினான்.

அதோடு அவள் கோபம் பாதி போய்விட்டது. மீதியைப் போக்கியது மகாராஜாதான், அதுவும் தெரியாமல். மீன் விற்ற சருவத்தைத் தூக்குகிறேன் என்று இடுப்பளவு தூக்கினான். உருகின ஐஸ் தண்ணீர் மொத்தமும் அவன் சட்டையில் கவிழ்ந்தது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"எங்க கிளி தூக்கினா ஒரு சொட்டு விழாது மோனே" என்றாள் ஜெபமலர்.

"அதான் சேச்சி, அவனைத் திரும்பக் கொண்டுவரப் பாக்கோம்."

எல்லோரும் ஏறினார்கள். சீட் இல்லை, பின்னால் ஆரோமல் வருகிறது என்றெல்லாம் மகாராஜா வாயைத் திறக்கவில்லை, திறந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஜெபமலர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுருட்டி வைத்திருந்த பணத்தை வாளியில் போடாமல் திரவியத்தின் கையில் வைத்து அவன் விரல்களை மூடினாள். பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. காலையிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த திரவியம் நோட்டுகளை முகத்துக்கு அருகே கொண்டுபோனான். மூக்கை உறிஞ்சினான்.

"அழறியா மோனே?"

"இல்லை சேச்சி. எல்லா நோட்டுலயும் மீன் வாசம்."

அதற்குப் பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. ரெண்டு பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக, கல்யாண ஊர்வலம் போலப் போய் வந்தன. தாணுமாலையன் கண்ணாடியில் பார்த்து, ஆரோமல் பின்தங்கினால் நிறுத்திக் காத்திருந்தார். ஒருமுறை திருவல்லத்தில் பிரதீஷ் மறதியாக ஹார்ன் அடித்து இண்டிகேட்டர் போட்டான். ஸ்மிதா பின்னாலிருந்து அவன் பெயரை ஒரேயொரு முறைதான் சொன்னாள். இண்டிகேட்டர் அணைந்துவிட்டது.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கிழக்கேகோட்டையில் தார்ப்பாயை விரித்தார்கள். ரெண்டு வாளியையும் ஸ்மிதா ஒரே நேரத்தில் கவிழ்த்தாள். பொன்னம்பிளி என்று எழுதியிருந்த வாளி காலியாக உருண்டு ஓர் ஓரமாகப் போனது. அவள் எண்ணி முடிக்கும்வரை டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம்கூட இல்லை.

"போதும்" என்றாள். "நாளைக்கே அளவு குடுக்கப் போகலாம்."

திரவியத்தின் தோளில் அத்தனை கையும் விழுந்தது. ஆரவாரம் அடங்கியபிறகு தாணுமாலையன் மெதுவாகக் கேட்டார். "ஒரு ஆசைக்குக் கேக்கேன். எந்த வண்டியில ஜாஸ்தி?"

"எல்லாத்தையும் சேத்துக் கொட்டியாச்சு அண்ணாச்சி. இனி அது சாமிக்கும் தெரியாது" என்றான் திரவியம்.

"நாலாவது சாமிக்குமா?"

எல்லோரும் மகாராஜாவைப் பார்த்தார்கள். மீன் தண்ணீர் காய்ந்த சட்டையோடு தார்ப்பாயின் மூலையில் உட்கார்ந்து சில்லறையைப் பையில் அள்ளிக்கொண்டிருந்த அவன் தலையை நிமிர்த்தவில்லை. "அந்தச் சாமிக்கு ஒரு எழவும் தெரியாது அண்ணாச்சி. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றான்.

ஓணத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது கால் வந்தது. பழகுவதற்கு மணக்காட்டு அறையின் மாடிப்படியில் தினமும் ஏறி இறங்கினான் திரவியம். மகாராஜா கீழே நின்று, "கூப்பாடு போதாது, வயித்துல இருந்து வரணும்" என்று பழிவாங்கினான்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை, ஸ்டாண்டில் ஸ்மிதாவும் பிரதீஷும் காத்திருந்தார்கள். ஜெபமலர்கூட அன்று மீனை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். திரவியம் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். படியில் ஏறினான், இறங்கினான், கதவைத் திறந்து சாத்தினான். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வண்டி முழுசாக நின்றபிறகுதான் கிளி இறங்கவேண்டும். ஆகவே பொன்னம்பிளி இனி எல்லா ஸ்டாப்பிலும் முழுசாக நின்றாகவேண்டும், ஆரோமலை முந்துவதைப் பற்றி யோசிக்கவே முடியாது. மகாராஜா இதற்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

"சரி, வா" என்றான் திரவியம். "பாக்கி ஒண்ணு இருக்கு."

மகாராஜா தோல் பையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, திரும்பி, குனிந்து நின்றான். டைம் கீப்பர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

திரவியம் கதவுக் கம்பியை ஒரு கையால் பிடித்தான். புதுக் காலை ஓங்கி விட்டான் ஓர் உதை. மகாராஜா ரெண்டு எட்டு முன்னால் போய், எதிரே நின்ற தாணுமாலையனின் மேல் விழுந்தான். திரவியம் அசையவில்லை.

"வலிச்சுதாலே?"

மகாராஜா இடுப்பைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தான். கண்ணில் தண்ணீர். "நல்லா வலிச்சுது."

"அப்ப நல்ல கால்தான்" என்று சொல்லிவிட்டு, திரவியம் படியில் ஏறி, வயிற்றிலிருந்து கூப்பிட்டான்: "விழிஞ்ஞம், விழிஞ்ஞம், விழிஞ்ஞம்!"